பஸ் நின்ற ஊர்

ஞானத்தைத் தேடித்தான் மனிதர்கள் மடங்களுக்குப் போகிறார்கள் என்பது நெடுங்காலமாகத் திருத்தப்படாமல் கிடக்கும் பெரும்பிழை. இனியும் பொறுப்பதற்கில்லை. பேச ஆளில்லாமல்தான் போகிறார்கள்.

சிற்றம்பலம் அப்படித்தான் வந்தார். ஓய்வுபெற்ற தாசில்தார். மனைவி காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். அந்த மகன் கைபேசியில் போட்டுக்கொடுத்த குறிப்புச் செயலி மட்டும் அவர் கூடவே வந்தது. குரு சொன்னது, சமையற்கட்டில் பேசியது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் அதில் எழுதிச் சேர்த்தார். ஒரு குறிப்பைத் தொட்டால் தொடர்புள்ளவை எல்லாம் கோடு கோடாக விரியும். அந்த வலையில் கொல்லிமலை மிளகுக்கும் மரணத்துக்கும்கூட உறவு இருந்தது.

சாப்பாட்டு வரிசையில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர் கோவிந்தப்பன் ஒருவர்தான். அவரிடம் இருந்தது ஒரே கதை. அவருடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. முகூர்த்தம் தப்பிய பிறகும் பெண் மணையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அந்தப் பெண் இப்போது இல்லை. கதையை மட்டும் அவர் வாரம் தவறாமல் சொல்வார்.

ஒருநாள் பஸ் ஊத்தங்கரையில் நின்றதாகச் சொன்னார். சிற்றம்பலம் செயலியைத் திறந்து, முன்பு செங்கம் என்று சொல்லியிருப்பதைத் தேதியோடு வாசித்துக் காட்டினார். மீதிக் கதையையும் அவரே வாசித்து முடித்துவிட்டார், நேரம் மிச்சமாகட்டுமே என்று.

"தாசில்தார் ஐயாகிட்ட எல்லாம் பத்திரமா இருக்கு," என்றார் கோவிந்தப்பன். மறுநாள் அவர் தட்டு எதிர் வரிசைக்குப் போயிற்று.

அதன்பிறகு சிற்றம்பலம் செயலியோடு சாப்பிட்டார். எதைக் கேட்டாலும் அது எடுத்துக் கொடுத்தது. அதுவாக அவரை எதுவும் கேட்கவில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒரு காலையில் குருவிடம் போனார். குரு வடிவம்மை அவரைவிட வயதில் இளையவர், பயறு புடைத்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் நடந்ததைச் சொல்லி, இரண்டு குறிப்புகளையும் காட்டினார். பட்டாவில் ஊர்ப் பெயர் மாறினால் நிலமே கைமாறிவிடும் என்றும் எடுத்துச் சொன்னார்.

"நான் சொன்னதுல என்னம்மா தப்பு?"

"தப்பே இல்லைங்க ஐயா."

"உங்ககிட்டயும் அந்தக் கதையைச் சொல்வாரா?"

"நெறைய தடவை."

சிற்றம்பலத்தின் விரல் தயாரானது. "உங்ககிட்ட எந்த ஊர்ல நின்னுதுன்னு சொன்னார்?"

குரு முறத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"தெரியலைங்க ஐயா. அந்த இடம் வரும்போது நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கிட்டிருப்பேன்."

அன்று மத்தியானம் சிற்றம்பலம் தட்டை எடுத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனார். கோவிந்தப்பன் சற்று நகர்ந்து இடம் விட்டார். மோர் ஊற்றும்போது சிற்றம்பலம் கைபேசியை எடுக்காமல், "பஸ் நின்னப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.