முதல் குரூப்புக்கு ஒரு கணக்கு

முப்பிடாதிக்கு நடந்தது பச்சை அநியாயம். பத்தாம் வகுப்புக் கணக்கில் மார்க் கொஞ்சம் குறைந்த ஒரே குற்றத்துக்காக, பிளஸ் ஒன்னில் அவளுக்கு முதல் குரூப் கிடையாது என்றுவிட்டார் தலைமையாசிரியர் ஞானசிகாமணி. பள்ளி வாசலில் 'நூறு சதவீதத் தேர்ச்சி' என்று தன் படத்தோடு பிளெக்ஸ் வைத்துக்கொண்ட மகான் அவர். எப்படியும் பாஸாகிற பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, தானே பாஸாக்கியதாகப் பீற்றிக்கொள்ள எவ்வளவு திறமை வேண்டும்!

"கணக்கு எடுக்காட்டி இன்ஜினியரிங் சேர முடியாது சார்," என்று அவள் நகராமல் நின்றாள்.

அட்மிஷனுக்கு வந்த பெற்றோர் எல்லாரும் பார்க்க, அவர் பிளஸ் டூ கணக்கு ஒன்றைப் பலகையில் எழுதினார்.

"இதைப் போடு, சீட்டு தர்றேன். முடியாதுல்ல? பேசாம தொழிற்கல்வியில சேரு."

முப்பிடாதி சாக்பீஸை வாங்கி, சற்றுமுன் முதல் குரூப் கிடைத்த தினகரிடம் நீட்டினாள். "நீ போடு தினகர், நான் பார்த்துக் கத்துக்கிறேன்."

தினகர் பலகையைப் பார்த்துத் திருதிருவென விழித்தான்.

"அவனை எதுக்கு இழுக்குறே?" என்று சீறினார் ஞானசிகாமணி. "இன்னும் நடத்தாத கணக்கை அவன் எப்படிப் போடுவான்?"

"எனக்கு மட்டும் யாரு சார் நடத்துனா?" என்றாள் முப்பிடாதி.