ஐந்து குறியும் நாழிகை மணியும்

ஏழு குளமும் ஒரு கோட்டையும் கொண்ட சின்ன ராஜ்ஜியம் மாறனேரி. அதன் அரசர் கீர்த்திவளவருக்கு வெளியூரிலிருந்து வருகிறவர் யாராயிருந்தாலும் மேதைதான். அப்படி வந்து சேர்ந்தார் அனந்த பண்டிதர். கையில் ஒரே ஒரு ஓலை.

“கிறுக்குக்கு எட்டுக் குறிகள், மகாராஜா. ஐந்து பொருந்தினால் போதும். ஆளோடு பேசக்கூட வேண்டியதில்லை. தள்ளி நின்று பார்த்தே சொல்லிவிடுவேன்.”

அரசருக்குப் புல்லரித்தது. பண்டிதருக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, “அரண்மனையிலேயே தொடங்குங்கள்” என்றார்.

மூன்று நாள் கழித்து அகப்பட்டான் சடையன். நாழிகை பார்ப்பவன். அடியில் துளையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிடுவான். அது நிரம்பி முழுகியதும் மணி அடிப்பான். கிண்ணத்தை எடுத்து மறுபடி மிதக்கவிடுவான். அவன் அடிக்கும் மணிக்குத்தான் கோட்டைக் கதவு திறக்கும், அடுப்பு எரியும், அரசர் இலை முன் உட்காருவார்.

விடிந்ததும் அவனைப் பிடித்துவந்து சபையில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்தில் சங்கிலி தயாராகக் கிடந்தது. கிறுக்கன் என்று முடிவானால் ஊருக்கு வெளியே கல் அறை, ஆயுள் முழுக்க.

சபையின் விகடகவி கொன்றையப்பரும் அங்கே உட்கார்ந்திருந்தார். இருபது வருஷத்தில் சடையன் ஒரு மணி தவறியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு பண்டிதர் வந்து ஓலையை வாசித்தார். “வைத்த கண் வாங்காமல் ஒன்றையே பார்க்கிறான். தனக்குத்தானே முணுமுணுக்கிறான். செய்ததையே செய்கிறான். ராத்தூக்கம் இல்லை. கிட்டே போனால் எரிந்து விழுகிறான். ஆக, ஐந்து.”

“முணுமுணுப்பு இல்லை சாமி, எண்ணுகிறேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் எண்ணிக்கை தப்பிவிடும். அது என் வேலை” என்றான் சடையன்.

“பார்த்தீர்களா? தனக்கு ஒன்றுமில்லை என்கிறான். அது ஆறாவது குறி.”

அரசர் தலையசைத்தார். காவலன் சங்கிலியை எடுத்தான்.

கொன்றையப்பர் மெல்ல எழுந்தார். “பண்டிதரே, அரண்மனையில் இன்னொருவரும் இருக்கிறார். சொல்லவே பயமாயிருக்கிறது.”

“பயப்படாமல் சொல்லும் ஓய்.”

“மூன்று நாளாக மாடத்துச் சாளரத்தை விட்டு நகரவில்லை. ஒரே இடத்தை வெறிக்கிறார். விரல் மடக்கி முணுமுணுக்கிறார். எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார். பொட்டுத் தூக்கமில்லை. சோறு கொண்டுபோன பணிப்பெண் பொன்னியை ‘போடி அந்தப் பக்கம்’ என்று விரட்டிவிட்டார்.”

பண்டிதரின் முகம் மலர்ந்தது. “முற்றிவிட்டது. அந்தச் சங்கிலியை முதலில் அவனுக்குப் போடுங்கள். யார் அவன்?”

“நீங்கள்தான். அங்கே உட்கார்ந்துதானே சடையனைப் பார்த்தீர்கள்?”

“ஓய், எனக்கு ஒன்றுமில்லை. அது என் வேலை.”

“ஆறாவது குறி, மகாராஜா.”

சபை வாயைப் பொத்திக்கொண்டது. அரசர் சிரிக்கவில்லை. சால்வை போர்த்தியவர் அவரல்லவா?

“விளையாட்டுப் போதும், கொன்றையப்பரே. என் அரண்மனையில் கிறுக்கு இருக்கிறதா, இல்லையா? இல்லையென்றால் பண்டிதரை அழைத்த நான் முட்டாளாகிவிடுவேன். இருக்கிறது என்றால் எங்கே என்று காட்டும். காட்டாவிட்டால் சங்கிலி உமக்குத்தான்.”

சடையன் கண்ணை மூடிக்கொண்டான். கொன்றையப்பர் பண்டிதரின் கையிலிருந்து ஓலையை வாங்கினார். கோழி கிளறியதுபோல் எழுத்து. வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார்.

“இருக்கிறது மகாராஜா. பண்டிதர் கண்டுபிடித்தது மெய்தான். ஆனால் அது யார் தலையிலும் இல்லை. அத்தனை கிறுக்கும் இந்த ஓலையில்தான் இருக்கிறது.”

அரசர் ஓலையைப் பார்த்தார். பண்டிதரைப் பார்த்தார். பிறகு சிரித்தார், கிரீடம் நழுவும்வரை.

“என்ன வேண்டுமோ கேளும்.”

“சடையனை விட்டுவிடச் சொல்லுங்கள். உச்சி சாய்ந்துவிட்டது. காலையிலிருந்து மணி அடிக்காததால் மடைப்பள்ளியில் இன்னும் அடுப்பு மூட்டவில்லை.”

அரசர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அப்போதுதான் அவருக்குப் பசித்தது.