டேப் சுற்றிய ஒயர்

அமராவதிக் கரையில் இருந்த உமையாள் அம்மாவின் தியான இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதைக் கொடுத்தாலும் அதை அவர்களே தங்கள் கையால் வைத்துவிட்டுப் போக வேண்டும். பானை கொடுத்தவர் தண்ணீர் நிரப்ப வேண்டும். பாய் கொடுத்தவர் தரையைப் பெருக்கி விரிக்க வேண்டும். ஆள் அனுப்பிவைக்கிறேன் என்றால் அம்மா சிரித்துக்கொண்டே பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தியானக் கூடத்துக்குப் புது விளக்கு வாங்கி வந்த நாச்சிமுத்து, மின்சார வேலை தெரியாமலே ஸ்டூலில் ஏறியது அதனால்தான்.

அவர் கரூரில் நூல் வியாபாரம் செய்தவர். வயதில் அம்மாவுக்கு மூத்தவர். மனைவி இறந்தபின் இங்கே வந்து தங்கிவிட்டார். எதையும் விட்டொழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. காபியை விட்டார், செல்போனை விட்டார், கடைசியில் பெற்ற மகளையும் விட்டார். வாசுகி பௌர்ணமிதோறும் வருவாள். அவர் கூடத்தைவிட்டு நகர மாட்டார். அவள் அடுக்களையில் சமைக்கிற கோகிலத்துக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, அப்பா என்னைக் கேட்டாரா என்று விசாரித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவாள்.

அன்றும் பௌர்ணமி. காலையில் அவர் அம்மாவிடம் கேட்டிருந்தார்.

"எல்லாத்தையும் அறுத்துட்டனுங்க அம்மா. உள்ள இன்னும் இருட்டாத்தான் இருக்குது. எனக்கு எப்பத்தான் வெளிச்சம் வரும்?"

பதில் கிடைக்காவிட்டால் இன்றோடு மூட்டையைக் கட்டிவிடுவது என்று அவர் தீர்மானித்திருந்தார்.

அம்மா அண்ணாந்து பார்த்தார். கூடத்துப் பழைய டியூப்லைட் எரிவதா அணைவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல அதை மாத்துங்க ஐயா."

மாற்றினார். பொழுது சாயும் நேரத்தில் சுவிட்சைப் போட்டார். புது விளக்கில் கூடம் பளிச்சென்றது. அவருக்கே தன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அது நீடிக்கவில்லை. அடுக்களையில் விளக்கு எரியவில்லை என்று கோகிலம் குரல் கொடுத்தாள். நடையிலும் எரியவில்லை. கிணற்றடியிலும் இல்லை. நாச்சிமுத்து ஃபியூஸைப் பார்த்தார், சரியாக இருந்தது. நடையில் பல்பை மாற்றிப் பார்த்தார், எரியவில்லை. அங்கிருந்த பிளக் ஓட்டையில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. எரியக் கூடாத பக்கத்து ஓட்டையிலும் வைத்தார். அதிலும் எரிந்தது.

அம்மா வந்து நின்றார்.

"கரண்டு வரலையா ஐயா?"

"வந்திருக்குதுங்க. ரெண்டு பக்கமும் வந்திருக்குது. ஆனா ஒரு லைட்டும் எரிய மாட்டேங்குது."

"மேல ஏதாவது விட்டுப் போச்சா?"

ஒன்றும் விடவில்லை என்றார். பழைய விளக்கில் இரண்டு கறுப்பு ஒயர்களைச் சேர்த்து முறுக்கியிருந்தார்கள். புது விளக்குக்கு ஒன்றே போதுமாக இருந்தது. இன்னொன்று மிச்சம். அதைப் பிரித்துத் தனியாக டேப் சுற்றி, கண்ணில் படாதபடி உள்ளே தள்ளிவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது குரலில் இன்னும் அந்த மரியாதை மிச்சம் இருந்தது.

"அந்தக் கறுப்பு ஒயர்ல என்ன வரும்?"

"அதுல ஒண்ணும் வராதுங்க அம்மா. வந்த கரண்டு திரும்பிப் போறதுக்கு..."

திரும்பிப் போகும் அந்த வழியைத்தான் டேப் சுற்றி அடைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மெயினை அணைத்துவிட்டு மறுபடி ஸ்டூலில் ஏறினார். அம்மா டார்ச் பிடித்தார். தான் அத்தனை அழகாகச் சுற்றிய டேப்பை அவரே நகத்தால் கீறி உரித்தார். இரண்டு கறுப்பு ஒயர்களையும் பழையபடி சேர்த்து முறுக்கி, புது விளக்கின் ஒயரோடு இணைத்து மூடினார். இறங்கிப் போய் மெயினைப் போட்டார்.

கூடம் எரிந்தது. நடை எரிந்தது. நடைக்கு அப்பால் அடுக்களை, அதற்கும் அப்பால் கிணற்றடி, துவைக்கிற கல், வாழை மரங்கள். அத்தனை வெளிச்சமும் தான் கூடத்தில் போட்ட ஒரு முறுக்கு வழியாகப் போய் வருகிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

அடுக்களையில் பல்புக்குக் கீழே வாசுகி உட்கார்ந்திருந்தாள். மடியில் அவரைக்காய். இருட்டிலேயே இவ்வளவு நேரம் நார் உரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அவள் வகிட்டில் நரை ஓடியிருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியாது.

நாச்சிமுத்துவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் வந்து நின்ற அம்மாவிடம் காலையில் கேட்டதையே மெல்லக் கேட்டார்.

"எனக்கு எப்பங்க அம்மா?"

அம்மா அவர் கையைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பினார். கட்டைவிரலில் அந்தக் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்குது ஐயா. உரிச்சுப் போட்டுட்டு அடுக்களைக்குப் போங்க. அவரைக்காய் நிறைய இருக்குது, ஒரு ஆளால ஆகாது."