பத்து பீப்பாய் டீசல்

ஆற்றங்கரையில் ஒரு காகித மில். அதன் கழிவுக் குழியில் வேலை பார்ப்பவன் செல்லாண்டி. கறுப்புக் கழிவுநீரை டீசலாக்குகிற இயந்திரம் என்று ஒன்றை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார் டாக்டர் ரங்கபாஷ்யம். டாக்டர் பட்டம் அவரே வைத்துக்கொண்டது. இந்தப் பக்கம் கழிவை ஊற்றினால் அந்தப் பக்கம் குழாயில் டீசல் கொட்டுமாம்.

முதலாளி பார்க்க வரும் நாளில் பார்த்துக் குழியிலிருந்து கழிவை இறைக்கும் பம்பு எரிந்துபோனது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பத்து மணிக்கு முதலாளி வர்றப்ப பத்து பீப்பாய் ஊத்தணும். இல்லேன்னா நாளையிலிருந்து நீ கேட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது," என்றார் டாக்டர்.

"ஆகட்டுங்க."

ஒரு வாரமாக ஊற்றுகிறவன் அவன். ஊற்றியதெல்லாம் இயந்திரத்தின் பின்பக்கச் சாக்கடையில் அப்படியே ஓடுவதையும் பார்த்தவன்.

மணி பத்து. செல்லாண்டி பீப்பாய் பீப்பாயாகக் கவிழ்த்தான். டாக்டர் முதலாளியோடு குழாய்ப் பக்கம் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்ன நாத்தம் பாருங்க! முதல்தரமான கழிவு!"

டீசல் கொட்டியது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முதலாளி பேனாவைத் திறந்தார்.

"ஒரு நிமிஷமுங்க முதலாளி. பம்பு எரிஞ்சுபோச்சு. நான் ஊத்தினது பத்தும் வாய்க்கால் தண்ணிங்க."

முதலாளி பீப்பாய்க்குள் கைவிட்டு முகர்ந்து பார்த்தார். பேனாவை மூடினார்.

"மெஷின் வயித்துல எத்தனை லிட்டர் டீசல் வாங்கி ஒளிச்சு வச்சிருக்கீரு?"

டாக்டரின் கைக்குட்டை இன்னும் மூக்கில்தான் இருந்தது.

"பத்தும் ஊத்தியாச்சுங்க டாக்டர்," என்றான் செல்லாண்டி. "நாளைக்குக் கேட்டுக்குள்ள யாருங்க வரக் கூடாது?"