சீழ்க்கைக்குப் பதில் தராத கூரன்

மலை உச்சிச் சோலைக்குக் கூரன், பொறியன் என்ற இரண்டு செந்நாய்கள் வேட்டைக்கு வந்தன. கூரன் அண்ணன், பொறியன் தம்பி. தம்பியின் குட்டிகள் அடிவாரத்து வளையில் பசியோடு கிடந்தன. கூட்டத்தில் மற்றவை எல்லாம் அந்த மழைக்காலத்தைத் தாங்காமல் செத்துப்போயின. குட்டிகளைத் தவிர மிஞ்சியவை இந்த இரண்டுதான்.

மழை என்றால் அப்படி ஒரு பேய்மழை! இரண்டும் ஒரு பாறை இடுக்கில் ஒண்டிக்கொண்டு, ஈர ரோமத்தை நக்கியபடி வெறும் வயிற்றோடு கிடந்தன.

மழை சற்று வெறித்ததும் ஒரு கிழட்டுக் கடமான் கண்ணில் பட்டது. விடாமல் துரத்தின. கடமான் அங்கிருந்த ஒரு குளத்தில் இறங்கிக் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டது. அந்த நேரம் பார்த்தா மூடுபனி இறங்க வேண்டும்! எதிரே நிற்பது எதுவும் தெரியவில்லை.

"அண்ணா, நான் எதிர்க்கரைக்குப் போகிறேன். நீ இங்கேயே நில்!" என்றது பொறியன்.

"பார்த்துப் போ! வழி தவறினால் சீழ்க்கை அடி!"

செந்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூடுபனியில் ஒன்று சீழ்க்கை அடித்தால், மற்றது வேட்டையே கெட்டாலும் பதிலுக்கு அடிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வழி தவறியது திரும்பி வந்துவிடும்.

சற்று நேரத்தில் தூரத்தில் சீழ்க்கை கேட்டது. கூரன் வாயைத் திறந்தது. உடனே மூடிக்கொண்டது.

'பதில் கொடுத்தால் நான் நிற்கும் இடம் மானுக்குத் தெரிந்துவிடும். வேறு பக்கம் ஏறி ஓடிவிடும். கொஞ்சம் பொறுக்கட்டும்!'

மறுபடியும் சீழ்க்கை. இப்போது அதில் பயம் இருந்தது.

குளத்துக்குள்ளிருந்து கடமான் கத்தியது: "அடேய், உன் தம்பி கூப்பிடுகிறான்! அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம். குரல் கொடு!"

கூரன் மனசுக்குள் சிரித்தது. 'ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இங்கே ஓநாய்க்காக ஆடு அழுகிறது! நானா ஏமாறுவேன்?'

மூன்றாவது சீழ்க்கை பாதியில் அறுந்தது. கற்கள் உருளும் சத்தம் கேட்டது. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வழி கண்டுபிடித்திருப்பான் என்று கூரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. பசிக்குக் காது ஏது?

பனி விலகியது. கடமான் நேராகக் கூரன் நின்ற கரையிலேயே ஏறியது.

"தம்பி, அந்தப் பக்கம் மறி!" என்று கத்தியபடி கூரன் பாய்ந்தது. மறிக்க யாரும் வரவில்லை. கடமான் உதைத்த உதையில் கூரன் சேற்றில் போய் விழுந்தது.

"இருவர் சேர்ந்தாலே பெரும்பாடு. ஒற்றை ஆளாய் என்னை என்ன செய்துவிடுவாய்?" என்றது கடமான். ஓடக்கூட இல்லை, நடந்தே போனது.

கூரன் பதறியடித்துக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு ஓடியது. அங்கே சேற்றில் தம்பியின் காலடிகள் ஒரே இடத்தில் மிதிபட்டுக் கிடந்தன. பதில் வரும், வரும் என்று பொறியன் அங்கேயே நின்றிருக்கிறது. ஊறிய மண் அதன் காலடியிலேயே சரிந்துவிட்டது. கீழே பாறைமேல் அது அசையாமல் கிடந்தது.

கூரன் வாய்விட்டு அழுதது. வளைக்குப் போய்க் குட்டிகளிடம் என்னவென்று சொல்லும்? இறைச்சியும் இல்லை, அப்பனும் இல்லை.

உறவின் குரலுக்குச் செவி கொடுக்காமல் இரையைக் காத்து நிற்பவனுக்கு இரையும் மிஞ்சாது, உறவும் மிஞ்சாது.