கிறிஸ்மஸ் தாத்தா வாய் திறக்காத காரணம்

அந்தக் காலத்தில் பனைமரத்தைத் தவிர எல்லாமே பேசும். பனையும் பேசிப் பார்த்ததுதான். உயரத்திலிருந்து சொல்வது கீழே யாருக்கும் கேட்காததால் விட்டுவிட்டது. ஆடு தனக்குப் பிடிக்காத தழையை முகத்துக்கு நேரே சொல்லும். கழுதை, பாரம் ஏற்றுகிறவனிடம் நியாயம் கேட்கும். இருப்பதிலேயே அதிகம் பேசியது காக்காதான்.

காக்காவுக்கு அப்போது ஓர் உத்தியோகமும் இருந்தது. ஒரு வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால், முன்னதாகவே முருங்கைக் கிளையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். வருகிறவர் பெயர் என்ன, ஊர் எது, கையில் என்ன கொண்டுவருகிறார், எத்தனை நாள் தங்குவார் என்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிடும். வேண்டாத விருந்தாளி என்றால் வீட்டுக்காரர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விடலாம். இந்த உபகாரத்துக்காக வீட்டுக்கு ஒரு பிடி சோறு அதற்குக் கிடைத்தது.

தேரிக்காட்டு ஓரத்தில் செம்மணல்விளை என்று ஓர் ஊர். மண் அப்படி ஒரு சிவப்பு. வெள்ளை வேட்டியோடு இரண்டு தெரு நடந்தால் துவைக்கிறவளிடம் வசவு வாங்க வேண்டும். ஊரில் எல்லாரும் பனையேறிகள், எல்லாரும் வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவர்கள். அவர்களிடம் ஒரு கண்டிப்பான வழக்கம் இருந்தது. ஒரு வீட்டிலிருந்து ஓலைப்பெட்டியில் பலகாரம் வந்தால், அந்தப் பெட்டியை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. எதையாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். நல்ல வழக்கம்தான். இருக்கிற வீட்டுக்கும் இருக்கிற வீட்டுக்கும் நடுவில் பெட்டி போய்வருகிற வரையில் நல்ல வழக்கம்.

அந்த ஊரில் செல்லக்கனி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் சாலமோன் ஆடி மாதக் கடைசியில் பனையிலிருந்து விழுந்து கால் முறிந்து கிடந்தான். இரண்டு சின்னப் பிள்ளைகள். மார்கழி வந்தபோது வீட்டில் இருந்த கருப்பட்டி, புளி, அரிசி எல்லாம் தீரும் நிலைக்கு வந்துவிட்டது. தை பிறந்தால் கால் கூடிவிடும், மரம் ஏறலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டும். யாரிடமும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் செல்லக்கனிக்குக் கிடையாது.

அடுத்த தெருவில் அன்னப்பூ இருந்தாள். ஒல்லிக்குச்சி உடம்பு. குரல் மட்டும் கோயில் மணிக்கு ஈடு. அவள் தெருமுனையில் தும்மினால் கடைசி வீட்டில் ஆசீர்வாதம் சொல்வார்கள். மனசு தங்கமானது என்றாலும், யோசிப்பதற்குள் செய்து முடித்துவிடுகிற ஆள். கிறிஸ்மஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது முந்திரிக்கொத்து சுட்டு, ஒரு பெட்டி நிறையச் செல்லக்கனி வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். மறுநாள் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே ஒரு நாழி அரிசி இருந்தது. அன்னப்பூ அதைக் கழுவி உலையில் போட்டாள், சாப்பிட்டாள், மறந்தும்விட்டாள்.

மூன்றாம் நாள் காக்கா வந்து, செல்லக்கனி வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஊர்ச் செய்தியோடு செய்தியாகச் சொன்னது. அந்த வீட்டிலிருந்த கடைசி அரிசி அன்னப்பூவின் பெட்டியில்தான் வந்தது என்றும் சொன்னது. அன்னப்பூவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பசித்த வீட்டுக்கு இனிப்பைக் கொடுத்துவிட்டு அரிசியைப் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அழுதுவிட்டுச் சும்மா இருக்கிறவளா? அதே பெட்டியில் அரிசியும் பருப்பும் நிரப்பினாள். அடிமேல் அடி வைத்துப் போய்ச் செல்லக்கனி வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் முருங்கைக் கிளையில் காக்கா இருந்தது. அன்னப்பூ வந்தாள், அரிசி நாலு படி, பருப்பு ஒரு படி, பெட்டி அவளுடையது என்று தன் உத்தியோகத்தை ஒழுங்காகப் பார்த்துவிட்டது.

மறுநாள் பெட்டி வந்தது. திறந்து பார்த்த அன்னப்பூ அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே சாலமோனின் பாளை அரிவாள் இருந்தது. பனையேறி வீட்டில் அதற்கு மேல் போடுவதற்கு ஒன்றும் கிடையாது. தை மாதம் அவன் எழுந்து நடந்தாலும் பதநீருக்குப் பாளை சீவ எதை எடுத்துப் போவான்? இது கையில் இல்லாமல் அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு உலை கொதிக்காது.

திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. பெட்டியில் வைத்து அனுப்பினால் பெட்டி திரும்ப வர வேண்டும். இந்தத் தடவை செல்லக்கனி வீட்டுக் கதவைக் கழற்றித்தான் அனுப்புவாள். கையில் கொடுத்தாலோ, கொடுத்ததைத் திரும்ப வாங்குகிற ரோஷங்கெட்டவளா நான் என்பாள். அன்னப்பூ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, சத்தம் போடவும் இல்லை. ஊருக்கும் அந்த இரண்டு நாள் காது குளிர்ந்திருந்தது. கடைசியில் ஒன்று புரிந்தது. பெட்டி இருந்தால்தான் திருப்ப வேண்டும். கொடுத்தவருக்கு ஒரு வீடு இருந்தால்தான் அங்கே கொண்டுபோக முடியும். ஊரில் யாருக்குமே தெரியாத ஓர் ஆள், வீடு வாசல் இல்லாத ஆள், பெட்டி இல்லாமல் கொண்டுவந்து கொடுத்தால் செல்லக்கனி என்ன செய்ய முடியும்?

வேஷம் போடுவது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை, காக்காவைச் சரிக்கட்டுவதுதான் மலையாக இருந்தது. கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த ஒரு தடவை என் பெயரைச் சொல்லாதே என்று கெஞ்சினாள். காக்கா ஒத்துக்கொள்ளவே இல்லை. யார் வருகிறார்கள் என்று சொல்வதற்காகத்தான் தனக்குச் சோறு போடுகிறார்கள், பெயரை விட்டுவிட்டால் தனக்கும் சும்மா கூவித் திரிகிற கொண்டலாத்திக் குருவிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டது.

"செல்லக்கனி வீட்டுல உனக்குச் சோறு வச்சு எத்தன நாளாச்சு, சொல்லு" என்றாள் அன்னப்பூ.

"நேத்தும் வச்சாளே. நீ குடுத்த அரிசிய வடிச்சா. பிள்ளையளுக்குப் போடுமுன்ன எனக்குத்தான் மொதப் பிடி..."

சொல்லிக்கொண்டே வந்த காக்கா பாதியில் நிறுத்திக்கொண்டது. பிள்ளைகளுக்கு முன்னால் தான் தின்ற அந்தப் பிடி அதற்கு உறைத்தது. பிறகு, முயற்சி பண்ணிப் பார்க்கிறேன், ஆனால் என் வாயை நானே நம்ப மாட்டேன் என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் பறந்து போனது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பொழுது சாயும் நேரம். அன்னப்பூ ஒரு பழைய அங்கியைத் தேரி மண் கரைத்த தண்ணீரில் முக்கிக் காயவைத்திருந்தாள். அது செக்கச்செவேல் என்று ஆகியிருந்தது. ஒல்லி உடம்பு காட்டிக்கொடுத்துவிடும் என்று வயிற்றில் தலையணையைக் கட்டினாள். பனைமட்டைக்கு அடியில் சல்லடை மாதிரி இருக்கும் பன்னாடையை வெட்டி முகமூடி செய்தாள். உள்ளேயிருந்து பார்க்கலாம், வெளியேயிருந்து முகம் தெரியாது. அதில் இலவம்பஞ்சைத் தாடியாக ஒட்டினாள். சாமான்களையெல்லாம் கோணிச்சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினாள். எல்லாம் மறைத்தாயிற்று, குரலை மட்டும் மறைக்க முடியாது. அதனால் என்ன நடந்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தாள். அவளுக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்று ஊருக்கே தெரியும்.

தெருவில் கால் வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தாத்தா யாரு, தாத்தா எந்த ஊரு என்று ஒரே நச்சரிப்பு. பதில் சொல்லவும் முடியவில்லை, சும்மா நிற்கவும் முடியவில்லை. ஆகவே குதித்தாள். குதித்தது ஆட்டமாகிவிட்டது. ஒரு பையன் தகரத்தைத் தட்ட, ஆட்டம் இன்னும் சூடு பிடித்தது. எல்லா வீட்டிலும் நின்று சாக்கிலிருந்து ஆளுக்கு ஒரு முந்திரிக்கொத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே, ஆடி ஆடிச் செல்லக்கனி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

முருங்கைக் கிளையில் காக்கா இருந்தது. "யாரோ வாராவ, யாரோ வாராவ" என்றது. காக்கா பெயர் சொல்லாமல் சேதி சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்த ஆச்சரியத்தில்தான் செல்லக்கனி கதவைத் திறந்தாள். வந்த தாத்தாவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து காக்காவைப் பார்த்தாள்.

"யாருன்னு சொல்லு. உன் சோத்து மேல ஆண, சொல்லு."

காக்காவுக்கு அன்னப்பூ என்ற பெயர் அலகு வரைக்கும் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே விழுங்காக விழுங்கியது. அவசரத்தில் அந்தப் பெயரோடு சேர்ந்து மற்ற எல்லா வார்த்தைகளும் உள்ளே போய்விட்டன. அலகைத் திறந்தபோது "கா" என்று ஒரு சத்தம்தான் வந்தது.

தாத்தா காத்திருக்கவில்லை. செல்லக்கனியின் முந்தானையை விரித்துப் பிடிக்கச் சொல்லிச் சைகை காட்டி, சாக்கை அப்படியே அதில் கவிழ்த்தார். அரிசி விழுந்தது, கருப்பட்டி விழுந்தது, பிள்ளைகளுக்கு இரண்டு புதுச் சட்டை விழுந்தது. கடைசியாகப் பாளை அரிவாள் விழுந்தது.

செல்லக்கனி அந்த அரிவாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அவள் யார் பெட்டியில் வைத்து அனுப்பினாள் என்பது அவளுக்குத் தெரியாதா? அவ்வளவு கிட்டத்தில் பன்னாடைக்குப் பின்னால் இரண்டு கண்கள் கலங்கிக் கெஞ்சுவதும் தெரிந்தது. மயினி என்று அன்னப்பூவை முறை சொல்லி ஒரு தடவை கூப்பிட்டால் போதும், எல்லாவற்றையும் திருப்ப வேண்டிவரும். உள்ளே பாயில் கிடந்த புருஷனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். முந்தானையை நன்றாக இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்.

"தாத்தா, நீங்க எந்த ஊரோ, எந்த வீடோ எனக்குத் தெரியல. நல்லா இருப்பிய. வருசா வருசம் வாங்க."

சொல்லும்போது அவள் அழுதாள், சிரிக்கவும் செய்தாள். தாத்தாவும் முகமூடிக்குள் அப்படித்தான் என்று நினைக்கிறேன். பஞ்சுத்தாடி நனைந்து தொங்கியதாகப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள். தை மாதம் சாலமோன் மரம் ஏறினான். முதல் பதநீர் எல்லா வீட்டுக்கும் போனது, அன்னப்பூ வீட்டுக்கும் மற்ற வீட்டுக்குப் போன அளவுதான்.

அன்று முதல்தான் காக்கா யாரோ வருகிறார்கள் என்பதை மட்டும் கரைந்து சொல்கிறது, யார் என்று சொல்வதில்லை. கிறிஸ்மஸ் தாத்தாவும் இன்றுவரை முகமூடியும் தலையணை வயிறுமாய்ச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வாய் திறக்காமல் ஆடுகிறார். செருப்பைப் பார்த்ததுமே அது எந்த வீட்டு ஆள் என்று தெரிந்துகொண்ட பிள்ளைகளும், தெரியாதது போலத் தாத்தா என்று கூப்பிட்டுக் கையை நீட்டுகிறார்கள்.