ஆணாமைக்கு வயிறு குழிந்த கதை

ஆமைக்கும் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், எது ஆணாமை, எது பெண்ணாமை என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. எல்லாவற்றுக்கும் வயிற்றுப் பக்கத்து ஓடு பலகைபோலத் தட்டையாக இருக்கும். எல்லாவற்றுக்கும் வால் குட்டை. இதனால் ஆமைகளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. தங்களுக்குள் அவை அறிந்தே வைத்திருந்தன. மனிதர்கள் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்து பெயர் சூட்டத் தொடங்கிய பிறகுதான் தொல்லை வந்தது.

ஒரு மொட்டைப் பாறையின் சரிவில் மொக்கையன் என்னும் கல்தச்சனும் அவன் மனைவி சடைச்சியும் குடியிருந்தார்கள். சுற்றிலும் பாறைதான். வீட்டின் முன்னால் சமமான முற்றம் வேண்டும் என்பதற்காக, ஒரு கோடைக்காலம் முழுவதும் சடைச்சி அடிவாரத்திலிருந்து மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்து வந்து கொட்டினாள். மொக்கையன் அதன்மேல் பலகைக் கற்களைப் பாவினான். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே எறும்பு நுழைய இடம் கிடையாது. முற்றத்தைப் பார்த்தவர்களெல்லாம் மொக்கையனைப் புகழ்ந்தார்கள். மண் சுமந்தவளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த முற்றத்தில் முதுகில் நட்சத்திரக் கோடு போட்ட இரண்டு ஆமைகள் வளர்ந்தன. ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பெரியது ஆண், சிறியது பெண் என்று மொக்கையன் முடிவு செய்தான். அவனுடைய ஆராய்ச்சி அவ்வளவுதான். பெரியதற்கு வீரணன் என்று பெயர் வைத்தான். சிறியதற்குச் சிட்டு என்று பெயர் வைத்து, ஓட்டைச் சுற்றி மஞ்சள் கயிறும் கட்டி, இரண்டுக்கும் கலியாணம் ஆகிவிட்டதாக அறிவித்தான்.

“நான் பொண்ணு,” என்று அன்றைக்கே பெரிய ஆமை சொன்னது.

“கேட்டியா புள்ள, வீரணன் வேடிக்கையெல்லாம் பேசுறான்,” என்று மொக்கையன் சிரித்தான். சடைச்சியும் சிரித்தாள். சிறிய ஆமை வாயைத் திறக்கவில்லை. புதுப்பெண் என்று அதற்குத்தான் நாள்தோறும் கோவைப்பழம் கிடைத்தது.

மழைக்காலம் நெருங்கியபோது பெரிய ஆமை தின்பதை நிறுத்தியது. சுவரை ஒட்டி நடக்கத் தொடங்கியது. மூலை வந்தால் நிற்கும், பின்னங்கால்களால் கல்லைப் பிறாண்டும், மறுபடியும் நடக்கும். அந்தக் கரகரப்பு சடைச்சியின் காதைவிட்டுப் போகவில்லை. மாவு அரைத்தாலும் கேட்டது, குடத்தில் நீர் ஊற்றினாலும் கேட்டது. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பயமாக இருந்தது. உட்கார முடியாமல், நிற்கவும் முடியாமல் நடக்கிற அந்த நடையை அவள் அறிவாள். தலைப்பிரசவத்தின்போது அவளும் இதே சுவரைப் பிடித்துக்கொண்டு இப்படித்தான் நடந்தாள்.

குனிந்து பார்த்தாள். கல்லில் இரத்தக் கோடுகள் இருந்தன. பின்னங்கால் நகங்கள் தேய்ந்து போயிருந்தன.

“என்னடா வீரணா இது?”

“முட்டை நிக்குதுக்கா,” என்றது ஆமை. “பின்னங்கால் முங்குற ஆழத்துக்கு மண்ணு வேணும். கல்லுல போட்டா வெடிச்சிரும். போடாம வச்சிருந்தா நான் செத்துருவேன்.”

இத்தனை காலமும் ‘டா’ போட்டு அழைத்த நாக்கு சடைச்சிக்கு ஒட்டிக்கொண்டது. எழுந்து நேராகக் கணவனிடம் போனாள். அவன் தேங்காய் நாரால் முற்றத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“இங்க பாருங்க. பெருசு பொண்ணாம். வயித்துல முட்டை இருக்குதாம். ஒரு கல்லைப் பேத்துவிடுங்க.”

“எந்தக் கல்லை?”

“எதையாவது.”

“எதையாவதா?” மொக்கையன் நாரைக் கீழே வைத்தான். “நாளைக்கு விடிஞ்சா ஊர்க்காரங்க வாராங்க. கோயில் பிரகாரத்துக்குக் கல் பாவுற வேலையை இந்த முத்தத்தைப் பாத்துட்டுத்தான் குடுக்கப் போறாங்க. பல்லு விழுந்த வாயாட்டம் ஓட்டையைக் காட்டச் சொல்றியா?”

“அது செத்துப்போகும்.”

“ஆம்பளைக்கு எங்கருந்து புள்ள முட்டை வரும்? அவனுக்குச் செரிக்காம இருக்கும். ரெண்டு நாள் பட்டினி கிடந்தாச் சரியாயிரும்.”

சுவரின்மேல் இருந்த சேவல் தொண்டையைச் செருமிக்கொண்டது. “அண்ணன் சொல்றதுதான் சரி. பெருசா இருந்தா ஆம்பளை. என்னைப் பாரு, என் பொண்டாட்டியைப் பாரு.”

“முட்டை போடுறவ நான்,” என்றது கீழே மேய்ந்துகொண்டிருந்த கோழி. “என்னையும் ஒரு வார்த்தை கேக்கலாம்.”

“உன்னை யாரு கேட்டா?”

“அதைத்தான் நானும் சொல்றேன்,” என்று கோழி மறுபடியும் மேயப் போயிற்று.

சடைச்சி அசையாமல் நிற்பதைக் கண்டு மொக்கையன் இரண்டு ஆமைகளையும் தூக்கிவந்து, மல்லாக்கப் போட்டான். “நீயே பாரு. ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. உடம்புல ஒரே ஒரு அடையாளம் காட்டு, இப்பவே கல்லைப் பேக்கிறேன். அது வாய் சொல்றதை நம்பியெல்லாம் நான் என் பொழப்பைக் கெடுத்துக்க முடியாது.”

பெரிய ஆமை மல்லாந்தபடி காற்றில் கால்களை உதைத்தது. அதன் கண்ணைச் சடைச்சியால் பார்க்க முடியவில்லை. தூக்கி நிமிர்த்தி விட்டாள். அது மீண்டும் சுவரோரம் நடக்கத் தொடங்கியது. இப்போது நடையில் வேகம் இல்லை.

ஊர்க்காரர்களுக்கு நினைவுபடுத்திவிட்டு வருவதாக மொக்கையன் கிளம்பிப் போனான். சடைச்சி ஆமையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படலைத் திறந்தாள். அடிவாரத்தில் மண் இருக்கிறது. வெயில் சாய்வதற்குள் போய்விடலாம்.

படலுக்கு வெளியே, வெதுவெதுப்பான பாறையில் உடும்பு படுத்திருந்தது.

“பெரியவளுக்கு நாள் நெருங்கிருச்சு போலயே, அக்கா,” என்று பரிவோடு கேட்டது. “கீழ ஓடைப்பக்கம் நல்ல மண்ணு கிடக்கு. கூட்டிட்டுப் போ. நானும் துணைக்கு வாரேன்.”

அது நாக்கை நீட்டி ஆமையின் பக்கம் காற்றைத் துழாவியது. சடைச்சி படலைச் சாத்தினாள். அந்த ஆமை சொன்ன சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம்பிய ஒரே உயிர், அதன் முட்டையைத் தின்னக் காத்திருந்த உடும்புதான்.

வீட்டிலிருந்த கூடையில், அடுப்பு பூசுவதற்கு வைத்திருந்த மண்ணையெல்லாம் கொட்டி ஆமையை அதில் இறக்கினாள். ஆமை சிறுநீர் விட்டு மண்ணை இளக்கியது. ஒரு காலால் தோண்டியது. மறு காலால் தோண்டியது. நகம் கூடையின் அடியில் இடித்தது. இடம் மாறித் தோண்டியது. அங்கும் இடித்தது. பிறகு கழுத்தை வெளியே நீட்டி மண்ணில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டது. ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் பயப்பட ஒன்றும் இல்லை. வெளியே போட்டுவிட்டால்தான் பயப்பட வேண்டும்.

சடைச்சி கடப்பாரையை எடுத்தாள்.

மூலைக்கல்லின் விளிம்பில் அதைச் செருகி, உடம்பின் எடை முழுவதையும் சாய்த்து அழுத்தினாள். மொக்கையன் நன்றாகத்தான் பாவியிருந்தான். வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே மறுபடியும் அழுத்தினாள். கல் முனகிக்கொண்டு ஒரு பக்கம் எழும்பியது. அடியில் அவள் சுமந்த மண் ஈரமாக, கறுப்பாகத் தெரிந்தது. ஆனால் கடப்பாரையை விட்டால் கல் விழுந்துவிடும். அருகில் கிடந்த குண்டுக்கல்லைக் காலால் உருட்டி இடுக்கில் தள்ளினாள். அது போதவில்லை, அந்த உயரத்தில் பெரிய ஆமையின் முதுகு நுழையாது. வேறு எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. கடப்பாரை கையில் வழுக்கத் தொடங்கியது.

சிட்டு மெல்ல நடந்து வந்தது.

“நான் அந்தக் குண்டுக்கல்லு மேல ஏறிக்கிறேன்க்கா. கல்லும் நானும் சேர்ந்தா உயரம் காணும்.”

“நசுங்கிப் போவே. தள்ளிப் போடி.”

“நான் ஆணுக்கா,” என்றது அது. “அவ சொன்னதெல்லாம் நெசம். கோவைப்பழம் நின்னுபோகுமேன்னு நான்தான் பேசாம இருந்துட்டேன்.”

திட்டுவதற்கும் சடைச்சிக்கு மூச்சு இல்லை. அது குண்டுக்கல்லின்மேல் ஏறி வயிற்றை அழுத்திப் படுத்து, தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. அவள் கடப்பாரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். பலகைக் கல் அதன் முதுகில் இறங்கியது. ஓடு நெரிகிற ஓசை கேட்டது.

“இருக்கியா?”

“இருக்கேன். அவளைப் போகச் சொல்லு.”

சடைச்சி பெரிய ஆமையைத் தூக்கிவந்து இடுக்கின் வாயில் விட்டாள். அது அசையவில்லை. பிறகு மண்வாசனை அதன் மூக்குக்கு எட்டியிருக்க வேண்டும். கழுத்து உயர்ந்தது. உள்ளே ஊர்ந்து போயிற்று.

அவசரம் என்பது ஆமைக்குத் தெரியாது. பின்னங்காலால் ஒரு கை மண்ணை அள்ளும், ஓரமாக வைக்கும், அடுத்த காலால் அள்ளும். மேலே ஓர் உயிர் நெரிந்துகொண்டிருக்கிறது என்பதற்காக அது ஒரு கை மண்ணைக்கூடக் குறைத்துத் தோண்டவில்லை. குறைத்தால் முட்டை வெந்துபோகும், அல்லது உடும்புக்குப் போகும். சடைச்சி கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு மேலே உடும்பின் தலை எழுந்தபோது கடப்பாரையால் கல்லை ஒரு தட்டுத் தட்டினாள். தலை இறங்கிவிட்டது.

மொக்கையன் திரும்பி வந்தபோது முற்றத்தின் மூலை பெயர்ந்து கிடந்தது. கத்துவதற்கு வாயெடுத்தவன், சடைச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து இடுக்குக்குள் பார்த்தான். குழிக்குள் ஒரு வெள்ளை முட்டை விழுந்தது. ஆமை பின்னங்காலால் அதை மெதுவாக ஓரத்துக்குத் தள்ளியது. இன்னொன்று விழுந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. மண்ணை மூடி, அடிவயிற்றால் தட்டிச் சமன்படுத்தி, பெரிய ஆமை வெளியே வந்து அவனைத் தாண்டிப் போகும்வரை குந்தியபடியே இருந்தான்.

“சிட்டை எடுங்க,” என்றாள் சடைச்சி.

அவள் கடப்பாரையை அழுத்தினாள். அவன் உள்ளே கைவிட்டு, அகப்பட்டதைப் பிடித்து இழுத்தான். அகப்பட்டது வால். சிட்டு குண்டுக்கல்லோடு கல்லாகப் பதிந்து போயிருந்தது. அவன் பலங்கொண்ட மட்டும் இழுத்த பிறகே வந்தது. வால் முன்பு இருந்ததுபோல் இரண்டு மடங்கு நீண்டிருந்தது. மல்லாத்திப் பார்த்தான். பலகைபோல் இருந்த வயிறு, கூழ் குடிக்கிற மண்சட்டிபோலக் குழிந்திருந்தது. மஞ்சள் கயிறு எங்கோ அறுந்து விழுந்துவிட்டிருந்தது.

“உசுரு இருக்கா?” என்று அவன் கேட்டான்.

“இருக்குதுண்ணே. வாலை விடு,” என்றது ஆமை.

“அடையாளம் கேட்டீங்களே,” என்றாள் சடைச்சி. “பாத்துக்குங்க.”

மறுநாள் காலையில் ஊர்க்காரர்கள் வந்தார்கள். தூக்கி நின்ற மூலைக்கல்லைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோயில் வேலை வேற்றூர்த் தச்சனுக்குப் போயிற்று. மொக்கையன் சில நாள் பெயர்ந்த கல்லையே சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு ஒரு காலையில் தானே கடப்பாரையை எடுத்து முற்றத்தில் பாதியைப் பெயர்த்து மண்ணைத் திறந்துவிட்டான். வெயிலுக்கு ஒதுங்க ஒரு கல்லைச் சாய்த்து நிறுத்தினான். உடும்பு ஏறாதபடி சுவரை உயர்த்தினான். இதையெல்லாம் செய்யச் சொல்லி அவனிடம் யாரும் கேட்கவில்லை.

முட்டைகள் பொரிந்து, காசளவுக் குஞ்சுகள் மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தன. மொக்கையன் ஒவ்வொன்றாக எடுத்து மல்லாத்தினான். எல்லாம் தட்டையாகவே இருந்தன.

“என்ன புள்ள இது? மறுபடியும் ஒண்ணும் தெரியலையே?” என்றான் கவலையோடு.

“இன்னும் எதையும் சுமக்காததுங்க. வளரட்டும், தெரியும். அதுவரைக்கும் பேரு வைக்கிறேன்னு கிளம்பாதீங்க.”

அவனுக்குப் பொறுக்கவில்லை. பெரிய ஆமையின் முன்னால் போய்க் குந்தினான். “தாயி,” என்றான். “இதுல எது ஆணு, எது பொண்ணுன்னு நீயாவது சொல்லேன்.”

பெரிய ஆமை அவனை நெடுநேரம் பார்த்தது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஆணாமைக்கு வயிறு குழிந்ததும் வால் நீண்டதும், வளர்ந்த ஆமையைப் புரட்டிப் பார்த்து நாம் ஆண் பெண் அறிவதும் அன்று முதல்தான். கேட்டறியும் வழி அன்றோடு போயிற்று. சொன்னதை நம்பாதவர்களிடம் ஆமை அதன்பிறகு வாய் திறக்கவில்லை.